சர்க்ளிப் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி வேண்டாம்

ரொட்டாவேட்டர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பிளேடு தேய்ந்தது, ஆயில் சீல் ஒழுகியது என்றுதான் பேச்சு ஓடும். சர்க்ளிப்பை யாரும் பேசுவதில்லை. மோதிரம் மாதிரி வளைந்து, ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும் ஸ்பிரிங் எஃகு வளையம் அது. சில பட்டறைகளில் 'லாக்' என்பார்கள்.

டிராக்டரிலிருந்து ரொட்டாவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸ் பேரிங் உண்டு. ஒரு கிராஸுக்கு நாலு கப். பெரும்பாலான ஷாஃப்ட்களில் ஒவ்வொரு கப்பும் வெளியே வராமல் தடுத்து நிற்பது ஒரு சர்க்ளிப்தான். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது கப் வெளிப்பக்கமாகவே தள்ளும். சர்க்ளிப் தெறித்தால் கப் கழன்று, ஷாஃப்டே அறுந்து விசிறலாம்.

போன ஆடியில் கடலைக்காட்டுக்கு வாடகை வண்டி வந்தது. ஷாஃப்டில் மூன்று கப்புக்குச் சர்க்ளிப் இருந்தது. நாலாவதில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். ஷாஃப்டுக்கு மேல் மூடியும் இல்லை. ஓட்ட வந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். "ஏனுங்கண்ணா, ஒரு ஏக்கருதானுங்க, ஓட்டிப்போடலாமுங்க" என்றான். மண்ணில் ஈரம் சரியாக இருந்த நாள். "நாளைக்கு வெயில் அடிச்சா ஈரம் போயிருமே" என்று வீட்டம்மாவுக்கும் கவலை. ஆனால் அந்த ஷாஃப்டுக்கு முன்னால் உட்காரப் போகிறவன் அவன். காட்டோரம் நிற்கப் போவது என் பிள்ளைகள். "வேண்டாம் தம்பி, நிறுத்து" என்றேன். வண்டிக்காரருக்குக் கோபம்தான். சர்க்ளிப் வாங்கி மாட்டி, மூடியும் போட்டு, மறுநாள் விடியற்காலையில் ஓட்டினோம். ஈரம் கொஞ்சம் குறைந்திருந்தது, விதை முளைத்தது.

அன்று கடைக்குப் போனபோதும், அதற்கு முன் என் வண்டியில் மாட்டியபோதும் பழகியதைச் சொல்கிறேன்.

'ரொட்டாவேட்டர் கிராஸ்' என்று மட்டும் கேட்காதீர்கள். கப்பின் விட்டம் 30.2 மி.மீ. என்று ஒன்றாகவே இருந்தாலும், கிராஸின் மொத்த நீளம் 80 மி.மீ., 92 மி.மீ. என்று இரண்டு வகை உண்டு. பழையதைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். துளைக்குள் உட்காருவது உள் சர்க்ளிப். தண்டின் மேல் உட்காருவது வெளி சர்க்ளிப். ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. கழற்றிய பழையதைத் திரும்பப் போடாதீர்கள்; வளைந்த எஃகு பழைய பிடிப்பைத் தராது.

மாட்டும் முன் இன்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் உட்காரும் காடியில் மண்ணும் பழைய கிரீஸும் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். காடியின் ஓரம் உடைந்திருந்தால் புது வளையமும் நிற்காது. அந்த நுகத்தையே மாற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் சர்க்ளிப் பிளையரால் மாட்டுங்கள். வளையம் உள்ளே நுழையும் அளவுக்கு மட்டும் சுருக்கினால் போதும். தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

விரலால் தடவினால் வளையத்தின் ஒரு முகத்தின் ஓரம் மழுங்கலாகவும், மறுமுகத்தின் ஓரம் கூர்மையாகவும் தெரியும். மழுங்கிய முகம் கப்பைப் பார்க்க வேண்டும். கூரான முகம் வெளியே இருந்தால்தான் காடியின் சுவரைக் கவ்வும். மாட்டியதும் பிளையரால் காடிக்குள் லேசாகச் சுற்றிப் பாருங்கள். முழு வட்டமும் இறங்கியிருந்தால் வழுக்கிச் சுற்றும். ஒரு இடத்தில் மேடாக நின்றால் கப் இன்னும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். கடைசியாகக் கிராஸை நாலு பக்கமும் கையால் அசைத்துப் பாருங்கள். இறுக்கமில்லாமல் அசைய வேண்டும்.

உங்கள் ஷாஃப்டின் அளவுக்கு நாலு சர்க்ளிப்பைக் கிரீஸ் தடவிய தாளில் சுற்றி, அளவை மேலே எழுதி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். வாடகைக்கு வரும் வண்டியாக இருந்தாலும், ஓட்ட ஆரம்பிக்கும் முன் இரண்டு முனையையும் குனிந்து பார்த்துவிடுங்கள்.