கேட்கத் தெரிந்த துப்பறிவாளி

நிக்கி ஃப்ரெஞ்ச் எழுதிய ஃப்ரீடா க்ளைன் நாவல்களை நண்பர்கள் நாலு பேர் இந்தக் கோடையில் மாற்றி மாற்றிப் படித்தோம். மொத்தம் எட்டுப் புத்தகங்கள். முதலாவது 2011-இல் வந்தது, கடைசி 2018-இல். திங்கள் முதல் ஞாயிறு வரை வாரத்தின் ஏழு கிழமைகளும் வரிசையாகத் தலைப்புகளில் வரும். எட்டாவதற்கு மட்டும் கிழமை இல்லை.

நிக்கி ஃப்ரெஞ்ச் என்பது ஒருவர் அல்ல. நிக்கி ஜெரார்ட், ஷான் ஃப்ரெஞ்ச் என்ற கணவன் மனைவி சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர். நமக்கு இது புதிதில்லை. நம் சுபாவும் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்கள்தானே. பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு புவாலோ, நார்செழாக் என்ற இரட்டையர் நினைவுக்கு வருவார்கள். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அவர்களுடைய நாவலிலிருந்து வந்த படம். பயமுறுத்தும் கதை எழுத இரண்டு மூளை இருந்தால் வசதி போலிருக்கிறது.

இந்த வரிசையின் கதாநாயகி ஃப்ரீடா போலீஸ்காரி அல்ல, தனியார் துப்பறிவாளரும் அல்ல. லண்டனில் உள்ள மனநல சிகிச்சையாளர். மாத்திரை எழுதித் தருபவர் இல்லை. எதிரே உட்காரவைத்துப் பேச விட்டுக் கேட்பவர். இரவில் தூக்கம் வராது. எழுந்து லண்டன் தெருக்களில் நடப்பார். மண்ணுக்கடியில் மூடப்பட்டுப்போன பழைய ஆறுகளின் தடம் பார்த்து நடப்பது அவருக்குப் பிடிக்கும்.

முதல் புத்தகத்தை பாரிஸில் இருக்கும் என் அக்கா மகள் பிரெஞ்சில் அனுப்பினாள், 'லன்தி மெலாங்கொலி' என்ற தலைப்பில். மற்றவற்றை ஆங்கிலத்திலேயே படித்தேன். முதல் கதை இது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் காணாமல் போகிறான். அதே சமயம் ஃப்ரீடாவிடம் வரும் ஒருவர், தனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்ற ஏக்கத்தைச் சொல்கிறார். தன்னைப் போலவே செம்பட்டை முடியுள்ள பையன் கனவில் வருகிறானாம். காணாமல் போன பையனின் முடியும் செம்பட்டை. அந்த அறைக்குள் கேட்டதைப் போலீசிடம் சொல்லலாமா, கூடாதா? இந்தக் கேள்வியிலிருந்துதான் எட்டுப் புத்தகங்களும் கிளம்புகின்றன.

எங்கள் நாலு பேருக்குள் கருத்து ஒத்துப்போகவே இல்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் முதல் புத்தகத்தில் பாதியிலேயே அலுத்துக்கொண்டார். "என்ன சார் இது, கதாநாயகி உட்கார்ந்தே இருக்கா! நம்ம கணேஷ் வசந்த் இதுக்குள்ள நாலு இடம் போய் வந்திருப்பாங்க" என்றார். சிரிக்கமாட்டாள், யாரிடமும் ஒட்டமாட்டாள் என்பது அவருடைய இரண்டாவது குறை. ஆனால் ஃப்ரீடாவின் அறைக்கூரையைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே விழுகிற உக்ரைன் நாட்டுக் கட்டட வேலைக்காரர் யோசெஃப் வந்த பிறகு சமாதானமாகிவிட்டார். யோசெஃபுக்காகவே அடுத்த புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

காவல்துறையில் எழுத்தராக இருந்தவர் சொன்னது வேறு. "வெளியாளை விசாரணைக்குள்ள யாரு விடுவா? கார்ல்சன்னு அந்த இன்ஸ்பெக்டருக்கு மெமோ வந்திருக்கும்." நியாயம்தான். கதையிலும் அவருக்கு மேலிடத்துத் தொல்லை வராமலில்லை.

பலமான ஆட்சேபணை சிஸ்டரிடமிருந்து வந்தது. முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவர். "நோயாளி நம்பிச் சொன்னதை இவ வெளியில கொண்டு போறா. இவகிட்ட நாளைக்கு யாரு வாயைத் திறப்பா?" என்று கேட்டார். யாருக்கும் உடனே பதில் வரவில்லை.

சட்டம் இதை யோசித்திருக்கிறது. நம் நாட்டின் 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி பற்றிய தகவல்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை 23-ஆம் பிரிவில் தருகிறது. அதே பிரிவில் விலக்குகளும் உண்டு. இன்னொருவருக்குத் தீங்கோ வன்முறையோ நேராமல் தடுக்கவேண்டிய அவசியம் இருந்தால், அதற்குத் தேவையான அளவு மட்டும் சொல்லலாம். ஃப்ரீடா செய்வது ஏறக்குறைய அதுதான். இதைச் சிஸ்டரிடம் படித்துக் காட்டினேன். "சட்டம் சரி. அவர் நம்பிக்கை போச்சே, அது?" என்றார். கதையிலும் அந்தக் கேள்வி தீராமலே இருக்கிறது. அதைத் தீர்த்துவைக்காமல் விட்டதால்தான் முதல் புத்தகம் எனக்குப் பிடித்தது.

இரண்டாவது புத்தகம் இன்னும் நல்லது. மனநிலை பிறழ்ந்த ஒரு பெண்ணின் அறைக்குச் சமூக நலப் பணியாளர் போகிறார். சோபாவில் அழுகிய நிலையில் ஒரு ஆணின் பிணம். அந்தப் பெண் பிணத்துக்குத் தேநீர் வைத்து உபசரித்துக்கொண்டிருக்கிறாள். விசாரித்தால் வருவதெல்லாம் தொடர்பில்லாத பேச்சு. அவள்தான் கொன்றாள், பைத்தியம், கேஸை மூடு என்கிறது மேலிடம். ஃப்ரீடா மட்டும் அந்த உளறலுக்கும் அர்த்தம் இருக்கும் என்று திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிறார்.

நம் ஊரில் இதை எப்படிப் பார்ப்போம்? 1794-இல் தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனை எத்தனையோ பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பியது. நாமோ அதன் இடத்துப் பெயரையே வசைச்சொல்லாக்கி, 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சிரித்தோம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களைக் கட்டிப்போட்ட இடங்களில் அவர்கள் சொன்னதை யார் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்?

இத்தனைக்கும் 1872-ஆம் வருட சாட்சியச் சட்டம் 118-ஆம் பிரிவிலேயே தெளிவாகச் சொன்னது. மனநிலை சரியில்லை என்பதாலேயே ஒருவர் சாட்சி சொல்லத் தகுதி இழக்கமாட்டார். கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு பதில் சொல்ல முடியாமல் அந்த நிலை தடுத்தால்தான் தகுதி போகும். இப்போதைய புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே தொடர்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கு இருந்த பொறுமை தெருவில் நமக்கு இல்லை.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கிள்ளைப் பக்கத்தில் நிவாரணப் பட்டியல் எழுதும் வேலை எங்களுக்கு. எம்.ஜி.ஆர். திட்டிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களெல்லாம் கரையில் இருந்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, உறவு என்று கட்டம் போட்ட தாள். ஒரு மீனவர், மகளைப் பறிகொடுத்தவர், தினமும் மேசைக்கு வருவார். "ஐயா, பாப்பா பேரு சரியா இருக்கா?" என்பார். குடும்ப அட்டையில் உள்ளபடி எழுதியிருந்ததைப் படித்துக் காட்டுவேன். தலையாட்டிவிட்டுப் போவார். மறுநாள் திரும்ப வருவார், அதே கேள்வி. 'புத்தி பேதலிச்சுப் போச்சு' என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

நாலாம் நாள் தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், அவர் பக்கத்தில் மணலில் போய் உட்கார்ந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "வீட்டுல பாப்பாவை எப்படிண்ணே கூப்பிடுவீங்க?" என்று கேட்டது. அவர் ஒரு செல்லப் பெயரைச் சொன்னார். சொன்னதும் கதறினார். அட்டையில் இருந்த பெயரைச் சொல்லி அந்தக் குழந்தையை யாருமே கூப்பிட்டதில்லையாம். அந்தப் பெயரை மட்டும் எழுதினால் அது வேறு யாரோ ஒரு குழந்தை போல அவருக்குப் பட்டிருக்கிறது.

நம் பதிவேடுகளில் '(எ)' என்று போட்டு மாற்றுப் பெயர் எழுதுவது வழக்கம்தான். பெயருக்குப் பக்கத்தில் '(எ)' போட்டு அந்தச் செல்லப் பெயரையும் எழுதிக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியோடு அவர் வரவில்லை.

அவர் துக்கம் அதோடு தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு நாளும் அவர் கேட்டது அர்த்தமுள்ள கேள்வி. அதைச் சரியாகக் கேட்டு வாங்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஃப்ரீடா 'உட்கார்ந்தே இருக்கா' என்று தமிழாசிரியர் சொன்னபோது எனக்கு அந்தப் பெண்தான் மனதில் வந்தது.

தமிழில் இப்படி ஒரு கதாநாயகி வரவேண்டும் என்பது என் ஆசை. நம் மாத நாவல்களில் பரத்தோடு சுசீலா, நரேந்திரனோடு வைஜயந்தி என்று கெட்டிக்காரப் பெண்கள் உண்டு. மனதைத் தொட்ட கதைகளும் உண்டு. காதுக்குள் குரல் கேட்கும் இளைஞனை வைத்து சுஜாதா 'ஆ..!' எழுதினார். இந்திரா சௌந்தர்ராஜன் கதையை நாகா இயக்கிய 'விடாது கருப்பு' தொடரில், கருப்பசாமிதான் தண்டிக்கிறது என்று ஊர் நம்பும். மனநல மருத்துவம் வேறு பதில் தேடும். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. ஆனால் கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணை நடுவில் வைத்துத் தொடர்ந்து எழுதினால், நம் மண்ணில் கதைக்குப் பஞ்சமே இருக்காது.

ஃப்ரீடா வரிசையில் குறை இல்லாமலில்லை. ஒரே எதிரியை எட்டுப் புத்தகங்களுக்கும் இழுத்திருக்கிறார்கள். அவரைச் சுற்றி இத்தனை கொலை நடக்குமா என்று நாலாவதிலேயே தோன்றிவிடும். நேரம் குறைவாக உள்ளவர்கள் முதல் இரண்டைப் படியுங்கள். ஃப்ரீடா தன் சொந்த ஊருக்கே திரும்பிப் போகும் நாலாவதையும் சேர்த்துக்கொள்ளலாம். வரிசை மாற்றிப் படிக்கவேண்டாம், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

நம் வயதில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள், துணையை இழந்து பேச ஆளில்லாமல் இருப்பவர்கள் இதைப் படிப்பீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். சிஸ்டர் இதையும் எழுதச் சொன்னார். அவர் இப்போது ஐந்தாவது புத்தகத்தில் இருக்கிறார். ஃப்ரீடாவை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் புத்தகத்தைத் திருப்பித் தரவும் மாட்டேன் என்கிறார்.