மூன்று மைல்

என் மகளின் பந்துவீச்சு வேகம் மணிக்கு 55 மைல். கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பதற்கென்று இணையத்தில் வைத்திருக்கும் அவளுடைய விவரப் பக்கத்தில் 58 என்று போட்டவன் நான். கை தவறி விழுந்த எண் அல்ல. வேகம் அளக்கும் ரேடார் கன் ஒரே ஒரு தடவை 58 காட்டியது நிஜம். ஆனால் அந்த நேரத்தில் பக்கத்து வலையில் அவளைவிடப் பெரிய பெண் ஒருத்தியும் எறிந்துகொண்டிருந்தாள். கருவி யாருடைய பந்தைப் பிடித்தது என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. இருந்தும் போட்டேன்.

நாங்கள் இருப்பது ஹூஸ்டன் பக்கம். சனி, ஞாயிறு என்றால் இங்கே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கூடாரம், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி சகிதம் சாஃப்ட்பால் மைதானங்களில்தான் கிடக்கும். விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கையைக் காற்றாலை போல முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுவார்கள். 12 வயதுப் பிரிவில் 40 அடி தூரம். 14 வயதுப் பிரிவிலிருந்து கல்லூரி வரை 43 அடி. 55 மைல் என்பது 88 கிலோமீட்டர்தானே, நம்மூர் சுழற்பந்துக்காரன் போடுகிற வேகமாச்சே என்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கிரிக்கெட் பிட்ச் 66 அடி. இங்கே 43 அடியிலும் பிட்சர் முன்னால் பாய்ந்து விடுவதால், பந்து உண்மையில் பறப்பது 37 அடி என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்கிறவளுக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் குறைவு.

அமெரிக்காவில் 'பக்கெட் டாட்' என்று ஒரு ஜாதி உண்டு. பந்து நிரப்பிய வாளியின் மெத்தை வைத்த மூடிமேல் உட்கார்ந்து, மகள் எறிவதை மணிக்கணக்கில் பிடிக்கும் அப்பாக்கள். நானும் அந்த ஜாதிதான். டிராப் பால் என்பது அடிக்கிறவள் நிற்கும் பிளேட்டுக்கு முன்னால் சட்டென்று கீழே விழும் பந்து. அது தரையில் குத்தி எழும்பி முழங்கால் எலும்பில் வந்து இடிக்கும்போது வாளியோடு சாய்ந்துவிடுவேன். அவள் சிரிப்பாள். அந்தக் காலம் நன்றாகத்தான் இருந்தது. ரேடார் கன் வாங்கிய பிறகு நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கத் தொடங்கினேன். "53." "54." "என்னம்மா, 52?" அவள் சிரிப்பது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. கவனிக்கவில்லை.

ஏன் இந்த வெறி? காரணம் அசிங்கமானது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் கூடும் விருந்துகளில் சாம்பார் வாளி சுற்றி வருவதற்குள் எல்லார் பிள்ளைகளின் எண்களும் சுற்றி வந்துவிடும். எஸ்ஏடி மதிப்பெண், ஸ்பெல்லிங் பீயில் எத்தனையாவது இடம், எந்தப் பல்கலைக்கழகத்தில் எவ்வளவு உதவித்தொகை. ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய எண் எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. "கடைசிப் பந்தில் மெதுவாகப் போட்டு ஏமாற்றினாள்" என்பதைப் பாயசம் ஆறுவதற்குள் யாருக்கும் விளக்க முடியாது. "58 மைல்" என்றால் புருவம் உயரும். இத்தனைக்கும் நான் ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்பின் போட்டவன். மெதுவான பந்துதான் விக்கெட் எடுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேகத்துக்கு மரியாதை இல்லாமல் இல்லை. 2012-இல் மோனிகா அபாட் 77 மைல் போட்டு கின்னஸில் ஏறினார். 2025-இல் டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்லின் பிக்கன்ஸ் 79.4 தொட்டார். அந்தக் காணொளியை மகளுக்கு எத்தனை தடவை போட்டுக் காட்டினேனோ. கேட் ஆஸ்டர்மன் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மணிக்கு அறுபது சொச்சம் மைல் வேகத்தில் எறிந்தே, பந்தின் திருப்பத்தாலும் இடத்தாலும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஸ்ட்ரைக்-அவுட் செய்தவர். 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 38 வயதில் அபாடோடு ஒரே அணியில் ஆடியவர். எங்கள் ஊர்க்காரர் வேறு, ஹூஸ்டனில் பிறந்தவர். அவரைப் பற்றிப் பேசினால் என் ரேடார் கன்னுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

மகள் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். பதினோராம் வகுப்பு தொடங்கும் செப்டம்பர் முதல் தேதியிலிருந்துதான் கல்லூரிகள் நேரடியாகப் பேசலாம் என்பது விதி. அதற்கு முந்தைய கோடையில் அப்பாக்களுக்குத் தூக்கம் கிடையாது. எங்கள் அணியில் எந்தப் பந்து போட வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வேறு யாரும் முன்வரவில்லை. டக்அவுட்டிலிருந்து மூன்றிலக்க எண் ஒன்றைக் கத்துவேன். அடிக்கிறவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர், மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும் அட்டையைப் பார்த்து, அது எந்தப் பந்து, எந்த இடம் என்று தெரிந்துகொண்டு மகளுக்கு விரலால் காட்டுவாள்.

அன்றைக்குப் பின்வலைக்குப் பின்னால் ஒரு கல்லூரியின் சட்டை போட்ட பெண்மணி கையில் ரேடார் கன்னோடு உட்கார்ந்திருந்தார். அவர் வந்தது என் 58-ஐப் பார்த்துவிட்டு.

அடிக்கும் வரிசையின் முதல் சுற்றில் எதிரணிப் பெண்கள் தாமதமாகத்தான் மட்டையைச் சுழற்றினார்கள். ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே போகும் அடி, எல்லாம் முதல் பேஸ் பக்கம் போனது. இரண்டாம் சுற்றில் ஃபவுல் நேராகப் பின்வலையில் போய் மோதியது. அப்படியென்றால் நேரம் பிடித்துவிட்டார்கள், பந்தின் அடியில் மயிரிழை தப்புகிறது, அவ்வளவுதான். மூன்றாம் சுற்றில் மூன்றாம் பேஸ் பக்கம் பறந்தது, அதாவது பந்துக்கு முன்னமே மட்டை வந்துவிட்டது. இதைப் படிக்கத் தெரியாதவன் இல்லை நான். இன்னிங்ஸ் இடைவேளையில் கேட்சர் முகக்கவசத்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு என்னிடம் வந்தாள். "கோச், இப்ப சேஞ்ச்-அப் போடலாம். எல்லாரும் வேகத்துக்கு ரெடியா நிக்கிறாங்க."

சேஞ்ச்-அப் என்பது வேகப் பந்து போலவே காட்டி மெதுவாக விடும் பந்து. மகளுடையது அழகானது. கை அதே வேகத்தில் சுற்றும். இடுப்பருகே வரும்போது புறங்கை அடிக்கிறவளைப் பார்த்துத் திரும்பி, பந்து விரல்களுக்குப் பின்னாலிருந்து நழுவி வரும். அடிக்கிறவளின் முன்கால் அதற்குள் தரையில் ஊன்றி, இடுப்பும் திறந்திருக்கும். பந்து இன்னும் பாதி வழியில் இருக்கும். கருவி அதற்கு 43 காட்டும். அந்த 43 எனக்கு வேண்டாம். பின்வலைக்குப் பின்னால் இருக்கிற கருவியின் திரையில் பெரிய எண்கள் மட்டுமே விழ வேண்டும். "பாக்கலாம்" என்று கேட்சரை அனுப்பிவிட்டு, அடுத்த பந்துக்கும் அதற்கடுத்த பந்துக்கும் வேகத்தையே கத்தினேன். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போதும் அதையே கத்தினேன். பந்து இடப்பக்க ஃபீல்டரின் தலைக்கு மேலே போய் வேலியில் இடித்தது. மூன்று பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண்மணி கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மைதானத்துக்குப் போனார்.

இதுவரை செய்தது முட்டாள்தனம். அடுத்து செய்ததுதான் கேவலம். மற்ற பெற்றோர்கள் நடுவில் நின்று, நான் உள்பக்கம்தான் கேட்டேன், கேட்சர் கையுறையை நடுவில் வைத்துவிட்டாள் என்று சொன்னேன். அந்தப் பெண் பத்தடி தள்ளி உட்கார்ந்து கால் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். கையுறை நான் கேட்ட இடத்தில்தான் இருந்தது.

காரில் மகள் கேட்டாள்: "அந்த 58, நீங்க போட்டதாப்பா?" அணியில் யாரோ அவளைக் கேலி செய்திருக்கிறார்கள். பல வாரமாக அந்த எண்ணைத் தொடுவதற்காகத் தோளை இறுக்கி இறுக்கி எறிந்திருக்கிறாள். அதனால் இருந்த வேகமும் குறைந்திருக்கிறது. நான் வாதாடினேன். அந்த ஜூன் மாதக் கல்லூரி இறுதிப் போட்டியைக்கூட இழுத்தேன். முதல் ஆட்டத்தில் டெக்சாஸ் டெக்கின் நிஜாரி கனடி ஓர் ஆளை வேண்டுமென்றே வாக் கொடுத்து, அதாவது அடிக்கவிடாமல் முதல் பேஸுக்கு, அனுப்ப வெளியே மெதுவாக எறிந்த பந்தை, ரீஸ் ஆட்வுட் எட்டி அடித்து இரண்டு ரன் வந்து, டெக்சாஸ் 2-1 என்று ஜெயித்தது. "பாத்தியா, மெதுவாப் போட்டா இதான் நடக்கும்" என்றேன். "அப்பா, அது வாக் குடுக்கப் போட்ட பால். சேஞ்ச்-அப் இல்ல" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை.

ராத்திரி எக்செல் திறந்து கணக்குப் போட்டேன். என் தொழில் அது. காற்றுத் தடையை விட்டுவிட்டால் 55 மைல் பந்து 37 அடி கடக்க 0.46 வினாடி. 58 மைல் பந்துக்கு 0.435. என் பொய்யின் விலை வினாடியில் நூற்றில் இரண்டரைப் பங்கு. 43 மைல் சேஞ்ச்-அப்புக்கு 0.59. நான் அவளைப் போடவிடாமல் தடுத்தது வினாடியில் நூற்றில் பதின்மூன்று பங்கு.

விவரப் பக்கத்தை மகளே திருத்திவிட்டாள். பந்தைச் சொல்லும் வேலையை நான் விட்டுவிட்டேன். விட்டேன் என்பதைவிட அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பதே சரி. ரேடார் கன்னை விற்கவில்லை. சில நாள் அவள் பார்க்காத இடத்தில் நின்று பிடித்துப் பார்க்கிறேன்.

அந்தக் கேட்சர் சீசன் முடிந்ததும் வேறு அணிக்குப் போய்விட்டாள். சில வாரம் கழித்து அவள் அப்பாவை ஒரு மைதானத்தில் பார்த்தேன். புது அணி எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, அங்கே எந்தப் பந்து என்று கேட்சர்களே முடிவு செய்கிறார்கள் என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.