சுவரோரம் படுப்பவள்

விற்பனையாளர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து என் இணையரை ஏறி உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சமையலறையைக் காட்டட்டுமா?" என்றார். நல்ல மனிதர்தான். சிரித்த முகம், கையில் எனக்கும் சேர்த்து ஒரு கோப்பைத் தேநீர். "சமையலறை அப்புறம். மொத்த எடை எவ்வளவு என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் பதில் சொன்னார். ஆனால் என்னைப் பார்த்தல்ல, உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த இவரைப் பார்த்து.

வீட்டுக்கடன் முடிந்த வருடம் அது. மகள் படிப்புக்காக வேறு ஊர் போய்விட்டாள். ஒரு மோட்டார்ஹோம் வாங்கிக்கொண்டு ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று சுற்றலாம் என்பது இவருடைய நெடுநாள் ஆசை. எனக்கும் ஆசைதான்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அதான் சினிமாக்காரங்க வச்சிருப்பாங்களே, கேரவன், அதுவா?" என்று கேட்டாள். நம் ஊரில் கேரவன் என்றால் அதுதான். நடிகர் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வண்டி. அதே படப்பிடிப்பில் துணை நடிகைகளுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லாமல், அவர்கள் தண்ணீர் குடிக்காமலேயே நாளை ஓட்டுவதை மலையாளத் திரையுலகைப் பற்றிய ஹேமா குழு அறிக்கை எழுதியிருக்கிறது. 2024இல் வெளிவந்த அறிக்கை. சக்கரம் வைத்த ஒரு சின்ன அறைக்குள் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது அற்ப விஷயமில்லை. இந்த வண்டிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கும் அது புரிந்தது.

முதலில் பார்த்தது இவர் மனதைப் பறித்த வண்டி. ஏழரை மீட்டர் நீளம். முகப்பு முழுக்க ஒரே கண்ணாடி. பின்பக்கம் நடுவில் தீவு மாதிரி ஒரு கட்டில், இரண்டு பக்கமும் இறங்கலாம். முன்னால் ஆறு பேர் உட்கார்ந்து பேசும் கூடம். தரை இரட்டைத் தரை. தண்ணீர்த் தொட்டிகள் அந்த இரண்டுக்கும் நடுவே, சூடு படும் இடத்தில் இருப்பதால் பனிக்காலத்திலும் உறையாது. சுவரைத் தட்டினால் கெட்டியான சத்தம். வெளியே கண்ணாடியிழை, நடுவே நுரைப்பலகை, உள்ளே மெல்லிய பலகை என மூன்றும் ஒட்டிய சுவர். சட்டத்துக்கு மரமே இல்லை, அதனால் ஈரம் இறங்கினாலும் மக்க ஒன்றுமில்லை. கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது. மனசாட்சிப்படி சொல்கிறேன், நான் பார்த்த வண்டிகளில் அதுதான் சிறந்தது.

எடை 4,250 கிலோ.

பிரிட்டனில் 1997 ஜனவரி 1க்கு முன்னால் கார் ஓட்டும் தேர்வில் தேறியவர்கள் 7,500 கிலோ வரையிலான வண்டியை ஓட்டலாம். அந்த உரிமை உரிமத்தோடு தானாகவே வந்துவிடும். பின்னால் தேறியவர்களுக்கு 3,500 கிலோவோடு சரி. அதற்கு மேல் வேண்டுமென்றால் மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும். இவர் 1993இல் வேலைக்காக வந்தவர், 1995இல் தேறினார். நான் 1998இல் தாலி கட்டிக்கொண்டு, சார்ந்து வாழும் மனைவி என்ற விசாவில் வந்தவள். கைக்குழந்தையோடு பயிற்சிக்குப் போய், இரண்டு முறை தோற்று, 2002இல் தேறினேன். ஒரே வீடு, ஒரே கார். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் காரை அதிகம் ஓட்டியது நான்தான். ஆனால் அந்த நாலாயிரத்துச் சொச்சம் கிலோ வண்டியில் நான் வெறும் பயணி. நடுவழியில் இவருக்கு நெஞ்சு வலித்தாலும் நான் சாவியைத் தொடக் கூடாது.

"நீயும் அந்தத் தேர்வை எழுதிடேன்" என்றார் இவர். எழுதலாம்தான். பலர் எழுதுகிறார்கள். ஆனால் இவர் கூடுதலாகப் படித்து வாங்கிய உரிமையா அது? முன்னால் விமானம் ஏறியதற்குக் கிடைத்த உரிமை. அதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் எழுபது வயசில் மருத்துவச் சான்று கொடுத்தால்தான் இது நீடிக்கும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, வருத்தத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

விற்பனையாளர் ஒரு வழி சொன்னார். அதே வண்டியைக் காகிதத்தில் 3,500 கிலோ என்று மாற்றிப் பதிந்துகொள்ளலாமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டியின் சொந்த எடை குறையாதே! சுமக்க அனுமதித்த எடைதான் குறையும். ஓட்டுநர், எரிபொருள் எல்லாம் சேர்ந்த ஓடுநிலை எடை அந்த வண்டிக்கு 3,400ஐத் தாண்டியிருந்தது. மிச்சம் நூறு கிலோகூட இல்லை. என்னை ஏற்றினாலே முக்கால்வாசி முடிந்தது. தொட்டியில் நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினால் நான் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

அன்று இரவு குளியலறை எடைமெஷினை அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். குக்கர், இட்லிப் பானை, அரிசி பத்து கிலோ, மேசை கிரைண்டர் பதினொன்றரை, போர்வைகள், இவருடைய மடக்கு நாற்காலிகள், இரண்டு சைக்கிள்கள், கூடுதல் பேட்டரி ஒன்றுக்கு இருபத்தைந்து. எழுதி வைத்த தாளைப் பார்த்து, "கிரைண்டரை விட்டுடலாமே" என்றார். "சைக்கிளை விடலாமே" என்றேன். முதல் வெட்டு எப்போதும் ஏன் அடுப்படியில் விழுகிறது? இத்தனைக்கும் இட்லி விரும்பி நானில்லை. கடைசியில் இரண்டையும் விட்டோம்.

ஆக, 3,500 கிலோவுக்குள் என்று முடிவானது. தேடல் எளிதாகும் என்று நினைத்தேன். அப்போதுதான் கட்டில் வந்தது.

சிறிய வண்டிகளில் இடத்தை மிச்சப்படுத்த 'பிரெஞ்சுக் கட்டில்' என்று ஒன்று வைக்கிறார்கள். பின் மூலையில் சுவரை ஒட்டிய இரட்டைக் கட்டில். கால்மாட்டில் ஒரு மூலையை வெட்டியிருப்பார்கள், பக்கத்தில் குளியலறைக்கு வழிவிட. ஒருவர் சுவரோரம், ஒருவர் வெளியோரம். சுவரோரம் படுப்பவர் எழ வேண்டுமென்றால் மற்றவரைத் தாண்ட வேண்டும். அல்லது கால்மாட்டுக்கு ஊர்ந்து, அந்த வெட்டிய மூலையில் முழங்காலை இடித்துக்கொண்டு இறங்க வேண்டும்.

ஒரு வண்டியில் இருவரும் படுத்துப் பார்த்தோம். ஒரு சொல் பேசாமல் நான் சுவரோரம் போய்ப் படுத்தேன். இவர் வெளியோரம் படுத்தார். யாரும் சொல்லவில்லை. பழக்கம்.

லெஸ்டரில் நாங்கள் முதலில் இருந்த அறையில் கட்டிலைச் சுவரோடு சேர்த்துத்தான் போட முடியும். இவர் காலையில் சீக்கிரம் கிளம்புபவர் என்று வெளிப்பக்கம் இவருக்கு. பிறகு பெரிய வீடு வந்தது, கட்டிலும் மாறியது, ஆனால் சன்னலோரச் சுவரை ஒட்டியே கிடந்தது. மகள் பிறந்தபோது இரவில் நாலு தடவை எழுந்தவள் நான்தான், சுவரோரத்திலிருந்து. இப்போது மாதவிடாய் நிற்கும் காலம். உடம்பு திடீரென்று கொதிக்கிறது, வியர்க்கிறது, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கிறது. இவரைத் தாண்டினால் விழித்துக்கொள்வார், "என்ன ஆச்சு" என்பார், பிறகு தூக்கம் வராமல் புரள்வார். அதனால் இரண்டாவது முறையை அடக்கிக்கொண்டு கிடக்கப் பழகியிருந்தேன். எட்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. படப்பிடிப்புத் தளத்துத் துணை நடிகைகளுக்காகப் பொருமியவள், சொந்த வீட்டில் அதையே செய்துகொண்டிருந்தேன். ஒரு விற்பனைக் களத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையில் படுத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டியையும் என் உடம்பால் அளக்க ஆரம்பித்தேன். என் உயரம் 4 அடி 11 அங்குலம். பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் மைக்ரோவேவை அடுப்புக்கு மேலே, என் தலைக்கு மேலே வைத்திருக்கிறார்கள். கொதிக்கும் ரசத்தை அண்ணாந்து இறக்க வேண்டும். ஜெர்மன் வண்டி ஒன்று பிடித்திருந்தது. ஆனால் அவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால் ஏறும் கதவும் வலப்பக்கம். இங்கே சாலையோரம் நிறுத்தினால் வண்டிகள் பாயும் பக்கம் இறங்க வேண்டும். எடுத்ததும் தள்ளிவிடக் கூடிய குறையில்லை. ஆனாலும் ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டுமானத் தரம் பார்க்க யாரும் இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. வாடகை வீடுகளில் குடித்தனம் நடத்தியவளுக்கு அது கைவந்த கலை. இழுப்பறையை முழுக்க இழுத்து, கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், தொங்குகிறதா? மேல் அலமாரியின் கதவு தானாக மூடிக்கொண்டு தலையில் அடிக்கிறதா? இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எப்படி வேலை செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வயர்கள் கட்டப்படாமல் கிடந்தால் மற்றதும் அப்படித்தான்.

எட்டு வருடப் பழைய வண்டி ஒன்றைப் பார்க்கப் போனோம். ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை புடைத்து நிற்கும் வகை. உள்ளே போனதும் லாவெண்டர் வாசனை தூக்கியது. எனக்கு உடனே சந்தேகம். இவ்வளவு வாசனை எதை மறைக்க? மேல் படுக்கையில் ஏறி முன் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது. இந்த வகையில் மழை முதலில் மோதுவது அந்த முகட்டில்தான். பலகைகள் சேரும் இடத்து ஒட்டுப்பசை வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், வருடக்கணக்கில் வெளியே தெரியாது. ஈரமானி வைத்துப் பார்த்தால் 15 விழுக்காடு வரை கவலையில்லை, 20ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். அந்த மூலை 30ஐத் தாண்டியது. உரிமையாளர் இவரிடம், "உங்கள் மனைவி மோப்ப நாய் போல" என்றார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இந்த நாட்களில் ஜெர்மனியின் முதல் கேரவன் உருவான கதையைப் படித்தேன். 1931இல் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவர் செய்தது. சாட்டையும் பனிச்சறுக்குக் கோலும் செய்து விற்ற குடும்பம். அவர் வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போவார். திருமணம் நிச்சயமாகியிருந்த ஃபிரிடல் எடல்மான் ஓவியர். கூடவே பயணம் செய்யவும், போகிற இடத்தில் படம் வரையவும் ஓர் இடம் வேண்டும் என்று அவர் விரும்பியதில் பிறந்தது அந்த வண்டி. இன்று விளம்பரப் படங்களில் பெண் எப்போதும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள், அல்லது படுத்திருக்கிறாள். முதல் வண்டியைக் கேட்டவளோ தன் வேலைக்காகக் கேட்டாள். நானும் மருத்துவமனைகளுக்குத் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு செய்கிறேன். கட்டிலை மடக்காமலேயே மேசை கிடைக்கும் வண்டிதான் வேண்டும் என்று பட்டியலில் சேர்த்தேன்.

கடைசியில் வாங்கியது ஒரு வேன். சரக்கு வேனின் இரும்பு உடம்பை உள்ளே மாற்றிக் கட்டியது. 6.36 மீட்டர், 3,500 கிலோ, கையில் நானூறு கிலோவுக்கு மேல் மிச்சம். பலகைகளை ஒட்டிய வண்டியைவிட இணைப்புகள் குறைவு, அதனால் ஒழுகும் வாய்ப்பும் குறைவு. குறைகளும் உண்டு. இரும்பு விலா எலும்புகள் வழியாகக் குளிர் இறங்குகிறது. பக்கக் கதவை இழுத்து மூடினால் முகாமே விழித்துக்கொள்கிறது. குளியலறையில் திரும்பினால் முழங்கை இடிக்கும். மீன் வறுத்தால் மூன்று நாள் தலையணையில் மணக்கும். ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து, வெளியே இறங்காமலேயே ஓட்டுநர் இருக்கைக்குப் போய் வண்டியைக் கிளப்பிவிடலாம். தனியாகப் போகும் நாளில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனியாகவும் போகத்தான் போகிறேன்.

பின்னால் இரண்டு ஒற்றைக் கட்டில்கள், நடுவே நடைபாதை. இவருக்கு இதுதான் தொண்டையில் சிக்கியது. "இத்தனை வருஷம் கழிச்சு தனித்தனியாவா?" என்றார். அம்மாவோ படத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ரெண்டு பேருக்கும் ஏதும் சண்டையா?" என்று மூன்று முறை கேட்டாள். சண்டையில்லை என்று சொல்லிச் சொல்லிச் சண்டை வந்துவிடும் போலிருந்தது. இவரிடம் இரவு விஷயத்தைச் சொன்னேன். தண்ணீர் குடிக்காமல் இருப்பதை, அடக்கிக்கொண்டு கிடப்பதை. கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்றார். அந்தக் கேள்வி எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. மறுநாள் முன்பணம் கட்டியது அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் பயணம் வேல்ஸுக்கு. பாதி வழி நான் ஓட்டினேன். கழிவுப்பெட்டியைக் காலி செய்வது முறை வைத்து என்று கிளம்பும் முன்பே எழுதி ஒட்டியாயிற்று. அன்றிரவு படுக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

காலையில் இவர் தேநீர் போட்டுக்கொண்டே, "நல்லாத் தூங்கினியா? ராத்திரி நீ எழுந்திரிக்கவே இல்ல போல" என்றார்.

"நாலு தடவை எழுந்தேன்" என்றேன்.