கட்டை தேய்த்த பிறகே பாடம்

எட்டாம் வகுப்புக்கு உராய்வு நடத்தப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது உப்புத்தாள். சுருள்வில் தராசும் கோலிக்குண்டும் தேடினால் கிடைத்துவிடும். ஒழுங்காகத் தேய்த்த கட்டைதான் எங்கும் கிடைக்காது.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஆய்வக உதவியாளராக இருந்த ஓர் அண்ணன். தச்சுப்பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குத் துண்டுகளைப் பொறுக்கி வருவார். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டுபோகும் என்று, அதை மேசைமேல் விரித்து, கட்டையை அதன்மேல் ரேகை ஓடும் போக்கிலேயே இழுப்பார். 80 நம்பர், 120, கடைசியாக 220. பிறகு உலர்ந்த துணியால் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிடுவார். தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிய கையோடு யாராவது அதைத் தொட வந்தால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. எண்ணெய் பட்ட முகம் அன்றைக்கு வேறு அளவைத்தான் காட்டும்.

செங்கல் வடிவக் கட்டையை அகலமான முகத்தில் படுக்கவைத்து இழுக்கிறோம். அடுத்து ஒடுக்கமான பக்கத்தில் நிறுத்தி இழுக்கிறோம். இழுக்கும் முன் பிள்ளைகளிடம் கேளுங்கள். தொடும் பரப்பு குறைந்தால் உராய்வும் குறையும் என்று வகுப்பே கை தூக்கும். தராசோ இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். "சார், தராசு ரிப்பேர்" என்று ஒரு மாணவி எழுந்து வந்து, தானே வாங்கி மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தாள். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். இரண்டு முகங்களும் ஒரே மாதிரி தேய்க்கப்படாமல் இருந்தாலோ, வெட்டுமுகத்தில் கட்டையை நிறுத்தினாலோ அளவு விலகும். புதிதாக வரும் ஆசிரியர்கள் திணறுவது இங்கேதான். திணறல் தாங்காமல், புத்தகத்தில் உள்ளதை எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள்.

இழுப்பதிலும் கைப்பக்குவம் உண்டு. நூல் பலகைக்கு இணையாக இருக்க வேண்டும். கை மேலே தூக்கினால் கட்டையின் எடையில் ஒரு பங்கை நாமே சுமக்கிறோம். அளவு குறைந்து காட்டும். தொங்கவிட்டுச் சுழி பார்த்த தராசைப் படுக்கவைத்தால் முள் சற்று விலகி நிற்கலாம். அதைத் திருத்திக்கொண்டு, விரலால் மெல்லத் தட்டிவிட்டு இழுங்கள். அரைக் கிலோ கட்டை நகரப்போகும் நொடியில் 2 நியூட்டன் காட்டினால், நகர்ந்தபின் ஒன்றரை பக்கம் இறங்கும். நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் உள்ள வேறுபாட்டை முள்ளே காட்டிவிடும். வெடுக்கென்று இழுப்பவருக்கு அந்த இறக்கம் தெரியவே தெரியாது.

தராசு இல்லாத பள்ளியானால் பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். கட்டை சரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, உயரத்தை அடிப்பக்க நீளத்தால் வகுத்தால், முன்பு தராசு காட்டிய 2 நியூட்டனைக் கட்டையின் எடையால் வகுத்தால் கிடைக்கும் அதே 0.4 வரும். மேலே இன்னொரு கட்டையை ஏற்றினாலும் சாய்வு மாறாது. இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எடை கூடினால் கீழே இழுக்கும் விசையும் பிடித்து நிறுத்தும் உராய்வும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன என்பதை அவர்களே கண்டு சொல்லும் வரை நான் வாய் திறப்பதில்லை.

வழவழப்பாக்கினால் உராய்வு குறைந்துகொண்டே போகும் என்பதையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். நன்றாகக் கழுவி உலர்த்திய இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்த்த மரத்தைவிட அவை இறுகப் பிடிக்கும். ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுக் கொடுங்கள், விரல் பத்திரம்.

இயக்கத்துக்குக் கோலிக்குண்டு போதும். சாய்வில் குண்டைக் கையால் விடாதீர்கள், எந்தக் கையும் கொஞ்சம் தள்ளிவிடும். ஸ்கேலைக் குறுக்கே மறித்து, அதைத் தூக்குங்கள். ஒரே உயரத்திலிருந்து மணலிலும் சாக்கிலும் டைல்ஸ் தரையிலும் ஓடவிட்டால், ஒவ்வொன்றிலும் தூரம் கூடுவதைப் பார்த்து, "தடுக்க எதுவுமே இல்லையென்றால்?" என்று யாராவது கேட்பார்கள். கலிலியோவும் 1638இல் வெளிவந்த தம் நூலில், சாய்பலகையின் பள்ளத்தை இழைத்து, அதில் வழவழப்பான தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டியதாக எழுதியிருக்கிறார். கணக்கைக் காட்டிலும் அந்தத் தோல்தாளுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்கும். போன மாத அளவு இந்த மாதம் வராது. பழைய அளவை அழிக்காமல், தேதி போட்டு இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள்.