ஏழு மாடி மாளிகையில் உம்மாவும் வாப்பாவும்

காத்தான்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் பொலன்னறுவையைத் தாண்டித்தான் போகும். எத்தனையோ தடவை போயிருக்கிறோம். ஒரு தடவையும் இறங்கியதில்லை. வாப்பா கட்டாரில் மேசன் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். வந்தால் கலியாண வீடு, மௌத்து வீடு, எங்கள் வீட்டின் அரைகுறை வேலை என்று நாள் ஓடிவிடும். இந்த முறை உம்மா, "ஒரு நாளைக்காவது எங்கயாவது கூட்டிப் போங்க" என்றார். பொலன்னறுவையைச் சொன்னதும் அவர்தான். படிக்கிற காலத்தில் வரலாறுதான் அவருக்குப் பிடித்த பாடமாம். அவர்கள் இருவருக்குமான பயணம் அது. வழிகாட்டி என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன்.

வழிகாட்டிக்கு வேலையே இருக்கவில்லை. கதுருவெலையில் ஆட்டோ பிடித்து முதலாம் பராக்கிரமபாகுவின் மாளிகைக்குப் போனதும் உம்மாவே தொடங்கிவிட்டார். 1153 முதல் 1186 வரை ஆண்ட மன்னன், ஏழு மாடி, ஆயிரம் அறைகள் என்று சூளவம்சத்தில் இருப்பதையெல்லாம் ஒப்புவித்தார். வாப்பா கேட்டபடியே சுவருக்குக் கிட்டப் போனார். மிஞ்சி நிற்கிற செங்கல் சுவர் ஏறக்குறைய 3 மீற்றர் தடிப்பு. உயரத்தில் வரிசையாகக் குழிகள்.

"இது ஜன்னல் இல்ல புள்ள. வளை இறக்கின ஓட்டை. மேல் தட்டெல்லாம் மரம்."

மேல் மாடிகள் மரத்தாலானவை என்றுதான் ஆய்வாளர்களும் கருதுகிறார்கள். வாப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். உம்மா பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருடமாகப் போனில் கேட்ட வேலையை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார் போலிருந்தது.

சோழர் காலத்து இரண்டாம் சிவாலயம் முழுக்கக் கல். கூரைகூடக் கெடவில்லை. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. உம்மா கல்லில் விரல் படாமல் எழுத்துக்கூட்டப் பார்த்தார். ட, ப இரண்டும் பிடிபட்டன, மற்றவை அகப்படவில்லை. வாப்பாவோ கல்லுக்குக் கல் பொருத்தியிருக்கும் இடைவெளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கல் விகாரையில் ஒரே பாறையில் செதுக்கிய சிலைகளைப் பார்த்தோம். சயனச் சிலை மட்டும் 14 மீற்றர் நீளம். வெயில் கொளுத்தியது, அங்கே அதிகம் நிற்கவில்லை.

வாப்பா ளுஹர் தொழுதுவிட்டு வந்ததும் பராக்கிரம சமுத்திரத்தின் குளக்கட்டில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். காற்று நன்றாக இருந்தது. உம்மா தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"இன்னும் எத்தின வருஷம்?"

"மேல்மாடி முடியட்டும்."

எங்கள் வீட்டுத் தூண்களின் உச்சியில் மேல்மாடிக்காக விட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. அந்த மாடி எனக்கு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடப்பது அரிது. யார் கேட்டார்கள் இதையெல்லாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் உம்மா சொன்னார்:

"கீழ் வீடு போதும். நீங்க வாங்க."

"கம்பிய வெட்டினா பிறகு கூட்ட ஏலாதே."

"வெட்டுங்க."

வாப்பா பதில் சொல்லவில்லை. தன் பார்சலில் இருந்த மீன் துண்டை எடுத்து உம்மாவின் பக்கம் வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். கம்பிகள் அப்படியே இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை போனில், இரும்பு வெட்டுகிற ஆளுக்கு நாள் கூலி என்ன என்று விசாரித்தாராம். உம்மா இரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்திருக்கிறார்.