கேட்ச்-அப்

சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்துதான் வேலை தொடங்கும். ஹெல்மெட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் மாட்டிய ஆட்கள் வரிசையில் நிற்க, சூப்பர்வைசர் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். மழையால் காங்கிரீட் போடுவது தள்ளிப்போயிருந்தால் அங்கே ஒரு சொல் தவறாமல் வந்து விழும்: ‘கேட்ச்-அப்’. விட்ட நாளைப் பிடிக்கத் திருத்தி எழுதும் கால அட்டவணைக்கே அந்தப் பெயர்தான். அது வந்துவிட்டால் ராத்திரி ஓ.டி. (கூடுதல் நேர வேலை) உண்டு என்று எல்லோருக்கும் தெரியும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்திலிருந்து போன பையன்களுக்கு ‘அஹெட்’, ‘ஆன் டிராக்’, ‘ஃபாஸ்ட் டிராக்’ எல்லாம் இப்படித்தான் பழகுகின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் மறந்துபோனவருக்கும் இவை மறப்பதில்லை. ஒவ்வொன்றும் உடம்பால் கற்ற சொல். சிங்கப்பூரே ஓடுகிற ஊர். பின்தங்கிவிடுவோமோ என்ற பதற்றத்துக்கு அங்கே ‘கியாசு’ என்று பெயர். ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த அந்தச் சொல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது.

ஓட்டம் விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சென்னையில் தங்கிப் பயிற்சி எடுத்து ‘டெஸ்ட் அடித்து’, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பெர்மிட். கம்பி கட்டுவதோ டைல்ஸ் ஒட்டுவதோ, தேறியாக வேண்டும். அதற்குள் வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும். அங்கே போன பிறகும் அடிப்படைத் திறன் நிலையான ஆர்-டூவிலிருந்து உயர்திறன் நிலையான ஆர்-ஒன்னுக்கு ஏற வேண்டும். ஏறினால் அந்த ஆளுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி குறையும். ஆளை வைத்துக்கொள்ள அவருக்கும் மனம் வரும். 2025 ஜூன் வரை, கட்டுமானத்தில் அடிப்படைத் திறனாளி 14 ஆண்டும் உயர்திறனாளி 26 ஆண்டும்தான் வேலை பார்க்க முடியும் என்ற வரம்பு இருந்தது. முன்னேறாதவர் 12 ஆண்டு முந்தியே பெட்டியைக் கட்டியாக வேண்டியிருந்தது. அந்த வரம்பு இப்போது நீங்கியிருப்பது பெரிய ஆறுதல்.

இவர்களுடைய ஊருக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையின் கதை வேறு. நாடு விடுதலை அடைந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்த மலை ஜாகிர்தார்களின் பிடியிலேயே இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரியும் கட்டி, கூலியில்லாமல் உழைத்தும் கொடுத்தார்கள். அரசு அதைக் கையில் எடுத்தது 1976இல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். பக்கத்துச் சமவெளி பள்ளிக்கூடமும் பஸ்ஸும் கண்டு வளர்ந்த காலமெல்லாம் மலைக்கு இல்லாமல் போயிற்று.

ஆகவே அந்த மலையைப் பின்தங்கிய பகுதி என்று எழுதும்போதெல்லாம் யார் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சாமையும் மரவள்ளியும் விளைவிக்கிற கைகளுக்கு வேகம் குறைவில்லை. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தாலுகாவும் கிடைத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60 உயிருக்கு மேல் குடித்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி விசாரிக்கத் தொடங்கியது.

வெளிநாட்டு வேலைக்கான திறன் பயிற்சியைக் கள்ளக்குறிச்சியிலேயே, தமிழிலேயே, அரசுச் செலவில் கொடுத்தால் மலைப் பையனும் நகையை அடகு வைக்காமல் தேர்வு எழுதலாம். சிங்கப்பூரில் ஒரு கட்டடத்துக்கு நாள் தவறினால் கேட்ச்-அப் போட்டு, கூடுதல் ஆளும் பணமும் இறக்குகிறார்கள். கல்வராயனுக்கு அப்படி ஓர் அட்டவணையை, முடிக்க வேண்டிய தேதியோடு, அரசு இன்னும் போடவில்லையென்றால் இப்போதாவது போட வேண்டும்.