மூச்சை அடக்கு, மூச்சை விடு

மாப்பிள்ளையூரணியில் சங்கு குளிக்கும் ஒருவருடைய வீட்டுச் சுவரில், பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் கொடுத்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. வழவழப்பான தாள், நுரையீரலின் வண்ணப்படம். ஆழத்தில் பகுதி அழுத்தம் கூடுவதால் நைட்ரஜன் திசுக்களில் கரைகிறது என்றும், விரைந்து மேலெழும்பினால் டிகம்ப்ரஷன் சிக்னெஸ் ஏற்படும் அபாயம் உண்டு என்றும் அதில் இருந்தது. அறிவியல்படி ஒரு பிழையும் இல்லை. வீட்டுக்காரர் அதை எழுத்துக்கூட்டாமல் சரளமாகவே வாசித்துக் காட்டினார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரிதான் சார். பத்துப் பாகத்துல இருந்து நான் எம்புட்டு நேரத்துல மேல வரணும்? அது எங்க போட்டிருக்கு?"

பாகம் என்பது ஆழம் அளக்கும் கடற்கணக்கு, ஆறடி. தாளின் இரண்டு பக்கமும் தேடினேன். எங்கேயும் இல்லை.

தூத்துக்குடி நகரின் வடக்கு விளிம்பை ஒட்டிய ஊராட்சி இது. உப்பளத்துக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதன்பின் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் சிப்பி அந்த அளவுக்கு விளையவில்லை. சங்கு குளிப்பது மட்டும் நிலைத்தது. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்காக இங்கிருந்து சங்கு போவது மிகப் பழைய வணிகம். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னல் 1914-ல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்.

தெருவிலேயே மூத்த குளிகாரர் ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனார்கள். இளவயதில் வெறும் மூச்சில் இறங்கியவர். "அண்ணாச்சி, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு தம்பி? எங்க அய்யா வள்ளத்துல இருந்து தள்ளி விட்டாவ" என்று தொடங்கினார். ஆனால் பேசப் பேச, சொல்லிக்கொடுத்தது ஏராளம் என்று தெரிந்தது. காது குத்தத் தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்து ஊது. குத்திய பிறகு ஊதாதே, ஒரு பாகம் மேலே வந்து ஊது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வள்ளத்தில் உட்கார். மணலைக் கிளறாதே, சங்கு ஊர்ந்த தடம் மணலில் கோடாக இருக்கும், அதன் முனையைப் பார். மூச்சு முட்டும்வரை நிற்காதே. முட்டப்போகிறது என்று தோன்றும்போதே உதை. இறங்கும் முன்பு இரண்டு மூச்சு நிதானமாக இழு, மூன்றாவதில் இறங்கு. அதற்கு மேல் இழுத்தால் "கடல் உன்னைத் தூங்க வச்சிரும்".

ஒவ்வொன்றும் உடம்பு அந்த நொடியில் செய்யக்கூடிய காரியம். எப்போது செய்வது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. மூக்கைப் பிடித்து ஊதுவதை இத்தாலிய மருத்துவர் வால்சால்வா 1704-ல் எழுதிவைத்ததால் மருத்துவப் புத்தகங்கள் அவர் பெயரால் அழைக்கின்றன. பெரியவருக்கு அந்தப் பெயர் தெரியாததால் அவர் காதுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, எளிய பேச்சு வென்றது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படி எழுதினால் அது பொய்.

முதலில், அந்த இரண்டு மூச்சுக் கணக்கு. தெருவில் உள்ள இளைஞர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இறங்கும் முன் பத்து, இருபது தடவை வேகவேகமாக மூச்சிழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் அடியில் கூடுதல் நேரம் நிற்க முடிகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. அதனால் பெரியவர் சொன்னது கிழவர் பயம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். விஷயம் வேறு. வேகமாக மூச்சிழுப்பதால் உடம்பில் பிராணவாயு பெரிதாகக் கூடிவிடுவதில்லை. கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. மூச்சு முட்டுகிறது என்று நமக்கு மணியடிப்பது அந்தக் கரியமிலவாயுதான். மணி அடிக்காமலே பிராணவாயு தீர்ந்து, பெரும்பாலும் மேலே வரும் கடைசிப் பாகங்களில் நினைவு தப்பும். பெரியவருடைய விதி சரியான விதி. காரணம் கூடவே வராததால் அது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்தது இன்னும் கொடியது. கம்ப்ரசர் வந்த பிறகு, வள்ளத்தில் எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட குழாயில் வரும் காற்றைக் கடித்துக்கொண்டு அடியில் ஒரு மணி நேரம்கூட இருக்கிறார்கள். வெறும் மூச்சில் இறங்குகிறவனுக்கு அப்பனும் பாட்டனும் சொன்ன அடிப்படைப் பாடம் இரண்டு: மூச்சை அடக்கு, ஆபத்து என்றால் விரசாக மேலே வா. குழாயில் மூச்சு விடுகிறவனை இந்த இரண்டு பாடங்களும் கொல்லும். அவன் மூச்சை அடக்கவே கூடாது. மேலே மெதுவாகத்தான் வர வேண்டும். தலைமுறைகளாக உயிர் காத்த வாக்கு ஒரு எஞ்சின் வந்ததும் தலைகீழாகிவிட்டது. அது தலைகீழானதை அனுபவத்தால் அறிவது என்றால், யாராவது ஒருவன் கால் விழுந்து கிடந்துதான் அறிய வேண்டும். அப்படிக் கிடந்தவர்களை எனக்குக் காட்டினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்று, சிறுநீர்ப்பையைக்கூட அடக்க முடியாமல், முப்பது சொச்சம் வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் போய், எளிய பேச்சே போதும், அறிவியல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உலகத்தில் வெறும் மூச்சில் முங்கிய மக்களுக்குக் கடலடியில் மூச்சு விடும் கருவி வந்த இடமெல்லாம் இதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவில் கடற்பஞ்சு எடுத்தவர்களுக்கு முங்கு உடை வந்தது. தீவெங்கும் ஊன்றுகோல் பெருகியது. ஹோண்டுராஸில் சிங்கி இறால் பிடிக்கும் மிஸ்கிட்டோ இனத்தவர் இன்றும் முடங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு விடை கண்டவர் விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, 1908-ல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட அட்டவணையில் ஆழம், நேரம், வழியில் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பவை எண்களாக இருந்தன. கயிற்றைப் பிடித்திருக்கும் கடற்படை ஆள் பார்த்துச் செய்யலாம். விஞ்ஞானி தன் வேலையை வள்ளம்வரை கொண்டுவந்து இறக்கிவைத்தார். சுவரில் ஒட்டியிருந்த தாள் பாதி வழியில் நின்றுவிட்டது.

எளிய பேச்சா கலைச்சொல்லா என்ற இதே வழக்கு கைத்துப்பாக்கி சுடக் கற்பிப்பவர்களிடையிலும் நெடுநாளாக உண்டு. ஷாங்காய் நகரக் காவல்துறையில் பழகிய ஃபேர்பேர்னும் சைக்ஸும் 1942-ல் எழுதிய கையேடு, எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, எப்போது சுடுவது என்று காவலர் பேச்சில் சொன்னது. 1990-களில் அமெரிக்கப் பயிற்சியாளர்களிடம் வேறு மொழி பரவியது: இதயத் துடிப்பு 115-ஐத் தாண்டினால் விரலின் நுண்ணசைவு கெடும், 145-ல் கூட்டு அசைவு கெடும் என்பதுபோல. ஓடிவந்ததால் ஏறிய துடிப்பும் அச்சத்தால் ஏறிய துடிப்பும் ஒன்றல்ல என்ற மறுப்பு பின்னால் வந்தது. துப்பாக்கியைப் பிடித்து நிற்பவன் தன் துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கவும் முடியாது. விசையை நேராகப் பின்னுக்கு அழுத்து, வெடிக்கும் கணத்தை எதிர்பார்க்காதே என்பதை அவன் செய்யலாம். அங்கே கலைச்சொல் பெரும்பாலும் ஆசிரியருடைய மதிப்பைக் கூட்டத்தான் பயன்பட்டது என்பது என் எண்ணம். கடலில் அப்படி ஒதுக்கிவிட முடியாது. இங்கே கலைச்சொல்லுக்குப் பின்னால் உள்ள பொருள் ஒருவனுடைய முதுகுத்தண்டு.

அந்தப் பொருளைத் தெருவுக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்பதை என் கண்முன் செய்துகாட்டியவர் குழாயில் குளிக்கும் ஓர் இளைஞர். முதல்முறை குழாய் கடிக்க வரும் பையனுக்கு அவர் அழுத்தம் குறைந்தால் காற்று விரியும் என்ற பாயில் விதியைப் பற்றிப் பேசுவதில்லை. அடியில், ஐந்தரைப் பாகத்தில், குழாய்க் காற்றை ஒரு பலூனில் கொஞ்சம் பிடித்து முடிந்து, பையன் கையில் கொடுத்து மேலே கூட்டிவருகிறார். 10 மீட்டரிலிருந்து வரும் காற்று மேலே இரண்டு மடங்காகும். பலூன் உப்புவதைப் பையன் தன் கையிலேயே பார்க்கிறான். "இதுதாம்லே உன் நெஞ்சு. வாயை மூடிட்டு வந்தேன்னு வையி, கிழிஞ்சிரும். ஊதிக்கிட்டே வா." நெஞ்சு நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் உயரம் மேலே வந்தாலே நுரையீரல் கிழியக்கூடும் என்று மருத்துவம் சொல்கிறது. அந்தப் பாடத்தைப் பையன் இனி மறக்க மாட்டான்.

நைட்ரஜனைக் கையில் கொடுத்துக் காட்ட முடியாது. அதற்கு அவர் சொல்வது கோலி சோடா: கோலியை அமுக்கியதும் பொங்குகிறதே, அதுபோல் ரத்தத்தில் கரைந்த காற்று, அழுத்தம் சட்டென்று விட்டால் பொங்கும். "மெதுவாத் திறந்தா பொங்காது பெரியப்பா" என்று பெரியவருக்கே அவர் விளக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் விடவில்லை. "கை வலிச்சா மறுபடி இறங்குனா வலி போயிருது, நம்ம ஆளுக எல்லாம் அப்படித்தானே செய்யுதானுவ?" என்றார். இது மூடநம்பிக்கை அல்ல, கூர்மையான கவனிப்பு. அழுத்தம் திரும்ப வந்தால் குமிழி சுருங்கும். மருத்துவமனை அழுத்த அறையில் செய்வதும் அடிப்படையில் அதுவே. ஆனால் அங்கே சுத்தமான பிராணவாயு தருகிறார்கள், மணிக்கணக்கில் பொறுமையாக வெளியே கொண்டுவருகிறார்கள். கடலில் இறங்குகிறவன் அதே காற்றை மேலும் கரைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கி, மறுபடி மேலே வந்துதான் தீர வேண்டும். வலி போனதைக் கண்ட கண் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு ஆளைக் கொல்லும். இதைப் பிரித்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும், அவர் இந்தத் திண்ணைக்கு வர வேண்டும்.

எண்கள் விஷயத்தில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அமெரிக்கக் கடற்படை நெடுங்காலம் பயன்படுத்திய அட்டவணையில், வழியில் நிற்காமல் மேலே வருவதற்கு, 60 அடி ஆழத்துக்கு அன்றைய முதல் முங்கலில் 60 நிமிடம் எல்லை. 100 அடிக்கு 25 நிமிடம். அந்தக் கடற்படை இப்போது வைத்திருக்கும் மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 30 அடி. ஒரு பாகம் ஆறு அடி. அப்படியானால் 10 பாகத்தில், இறங்கும் நேரமும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, மேலே வர முழுசாக இரண்டு நிமிடம். சுவர்த் தாளில் இடம்பெறாத விடை இதுதான். இளைஞர் உடனே குழாயை இழுத்துவந்து, 5 பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் சுற்றினார். ஒரு நூலுக்கும் அடுத்த நூலுக்கும் ஒரு நிமிடம். வள்ளத்தில் குழாய் பிடிப்பவர் கைபேசியில் நேரம் பார்த்துக்கொள்வார், அவசரமாக வந்தால் குழாயை அசைத்து எச்சரிப்பார். எஞ்சின் புகை கம்ப்ரசர் உறிஞ்சும் வாயில் ஏறாதபடி காற்று வாட்டம் பார்ப்பதும் அவர் பொறுப்பு என்று சேர்த்துக்கொண்டார்கள்.

சிக்கல் இரண்டாவது முங்கலில். இவர்கள் ஒரு நாளில் பல தடவை இறங்குகிறார்கள். முதல் முங்கலில் கரைந்தது வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் முழுதும் போய்விடாது. மிச்சத்தைக் கணக்கில் சேர்த்து அடுத்ததன் எல்லையைக் குறைக்க வேண்டும். அதற்குத் தனி அட்டவணை உண்டு, எழுத்துக் குறிகளும் குறுக்குக் கட்டங்களுமாக, ஆங்கிலத்தில், அடிக்கணக்கில். இளைஞர் இப்போதைக்கு இரண்டாவது முங்கலுக்குப் பாதி நேரம் என்று தன் ஊகத்தில் வைத்திருக்கிறார். அது சில ஆழங்களில் போதும், சிலவற்றில் போதாது. பாகக் கணக்கில், இங்கே குளிக்கும் ஆழங்களுக்கு மட்டும், நனையாத அட்டையில் தமிழில் அதை எழுதித் தர ஒரு முங்கு மருத்துவர் இந்தத் தெருவில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். அட்டையை வள்ளத்தில் எந்த இடத்தில் கட்டுவது என்பதை அவர்கள் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள்.